குதிரையும் தமதன்று, களமும் தமதன்று
சுயதொழிலின் முகங்கள் – 11

குதிரையேற்றம் கற்பிப்பது பிரிட்டனில் நீண்ட மரபும் நிறுவன ஒழுங்கும் கொண்ட தொழில். சிறுவர் சிறுமியருக்குச் சவாரியையும் குதிரைப் பராமரிப்பையும் சேர்த்துப் பயிற்றுவதற்காக 1929இல் போனி கிளப் தோன்றியது. அதுவரை தனித்தனியே இயங்கிவந்த இரு குதிரை அமைப்புகள் 1947இல் ஒன்றிணைந்து பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி உருவானது. பயிற்றுநர்களுக்கான தேர்வுகளைப் படிப்படியாக வகுத்து, ஒவ்வொரு படிக்கும் உரிய திறன்களை வரையறுத்ததில் இந்தச் சங்கத்தின் பங்கு பெரிது. இவ்வளவு கட்டுக்கோப்பான ஒரு துறையில், எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் மாதச் சம்பளம் பெறாமல், காரில் ஊர் ஊராகச் சென்று, மணிக்கணக்கில் கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் சுயதொழில் பயிற்றுநர்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். அவர்கள் எதிர்கொள்ளும் இடர்கள் பல வகைப்பட்டவையாகத் தோன்றினாலும், எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: பாடத்தின் பாதுகாப்புக்கு முழுப் பொறுப்பும் அவர்கள்மீது இருக்கிறது, அந்தப் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் குதிரையோ, சேணமோ, களமோ, லாயமோ அவர்களுடைய அதிகாரத்தில் இல்லை.

மூவருக்கு நடுவில் ஒருவர்

சவாரிப் பள்ளி ஒன்றில் குதிரைகளை வாங்குபவரும், அவற்றுக்குத் தீனி போடுபவரும், களத்தின் மணலைச் சமன்செய்பவரும், எந்த மாணவருக்கு எந்தக் குதிரை என்று முடிவெடுப்பவரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பார்கள். அங்கே பணிபுரியும் பயிற்றுநர் ஒரு குதிரையைப் பல மாதங்கள் பார்த்துப் பழகியிருப்பார். காற்றடிக்கும் நாளில் எது மிரளும், எது எதற்கும் அசையாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சுயதொழில் பயிற்றுநருடைய களம் வேறு. சொந்தக் குதிரை வைத்திருந்தும் அதைக் கட்டிவைக்க இடமில்லாத பிரிட்டிஷ் குடும்பங்கள், ‘லிவரி யார்டு’ எனப்படும் கட்டண லாயங்களில் அதை விட்டுவைப்பது வழக்கம். சில லாயங்களில் தொழுவமும் மேய்ச்சல் நிலமும் மட்டும் வாடகைக்குக் கிடைக்கும், தீனி போடுவதும் சாணம் அள்ளுவதும் உரிமையாளரின் வேலை. சில லாயங்களில் எல்லாப் பணிகளையும் லாயத்தாரே செய்துவிடுவார்கள். இப்படிப்பட்ட லாயங்களுக்கு நேரில் சென்று, உரிமையாளரின் சொந்தக் குதிரைமீதே அவருக்கோ அவருடைய பிள்ளைக்கோ பாடம் நடத்துவதுதான் சுயதொழில் பயிற்றுநரின் அன்றாடம்.

ஆகவே அவர் சவாரி செய்பவர், குதிரை, லாயத்தார் என்னும் மூவருக்கு நடுவில் நிற்கிறார். லாயத்தார் தம் களத்தைப் பயன்படுத்த வெளிப் பயிற்றுநரிடம் தனிக் கட்டணம் கேட்கலாம், காப்பீட்டுச் சான்றைக் காட்டச் சொல்லலாம், தம்மிடமே பயிற்றுநர் இருப்பதால் வெளியாரை அனுமதிப்பதில்லை என்று மறுக்கவும் செய்யலாம். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அதே களத்துக்குள் வேறொருவர் தம் குதிரையோடு நுழைவதைத் தடுக்கும் உரிமை பயிற்றுநருக்கு இருப்பதில்லை. வேலிக்கு அப்பால் டிராக்டர் ஓடினாலும், பிளாஸ்டிக் விரிப்பு காற்றில் படபடத்தாலும் அதை நிறுத்தச் சொல்ல முடியாது. வேண்டிக் கேட்கத்தான் முடியும். இயற்கையில் இரைவிலங்காகிய குதிரைக்குக் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்க்கும் திறன் உண்டு. ஐயமூட்டும் அசைவு ஒன்று தென்பட்டால் முதலில் ஓடிவிட்டுப் பிறகு ஆராய்வது அதன் இயல்பு. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள அப்படிப்பட்ட உயிரை அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிற ஒருவர், அதன் முதுகில் அமர்ந்திருக்கும் இன்னொருவரின் உயிருக்குப் பொறுப்பேற்கிறார்.

சட்டம் யாரைக் கேட்கிறது?

காசுக்குக் குதிரையை வாடகைக்கு விடுவதையும், தம் குதிரைகளைக் கொண்டு சவாரி கற்பிப்பதையும் பிரிட்டனில் 1964ஆம் ஆண்டின் சவாரி நிலையங்கள் சட்டம் உரிமத்துக்கு உட்படுத்தியது. 1970இல் வந்த திருத்தச் சட்டம், 3 வயதோ அதற்குக் குறைந்த வயதோ உடைய குதிரைகளையும் சினை முதிர்ந்த பெண் குதிரைகளையும் இப்பணிக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. இங்கிலாந்தில் மட்டும் 2018 அக்டோபர் முதல் விலங்குநல உரிம விதிமுறைகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. இவை அனைத்தும் குதிரைகளை வைத்திருக்கும் நிலையத்தை நோக்கியவை. கால்நடை மருத்துவரின் ஆய்வும் உள்ளாட்சி மன்றத்தின் மேற்பார்வையும் நிலையத்துக்கே உரியவை. மற்றொருவரின் சொந்தக் குதிரைமீது பாடம் சொல்லித்தருபவருக்கு அப்படியோர் உரிமம் தேவையில்லை. பயிற்றுநர் என்று தம்மை அழைத்துக்கொள்ள எந்தத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை.

இந்தத் திறந்த கதவு இரண்டு விளைவுகளைத் தந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேர்வுகளில் தேறி, முதலுதவிப் பயிற்சியும் காப்பீடும் பெற்று, சங்கத்தின் அங்கீகரிக்கப்பட்ட பயிற்றுநர் பட்டியலில் இடம்பெற்றவர், எந்தத் தகுதியும் இல்லாமல் குறைந்த கட்டணம் கேட்கும் ஒருவரோடு ஒரே சந்தையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளருக்கோ இருவருக்கும் உள்ள வேறுபாடு விபத்து நேரும்வரை கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டாவது விளைவு இன்னும் கனமானது. நிலையத்துக் குதிரைக்குச் சட்டப்படி நடக்கும் ஆய்வு தனியார் குதிரைக்கு நடப்பதில்லை என்பதால், குதிரை சவாரிக்கு ஏற்ற நிலையில் இருக்கிறதா என்பதைக் களத்தின் ஓரத்தில் நின்று சில நிமிடங்களில் கணிக்கும் கடமை பயிற்றுநரின் கண்களுக்கு வந்து சேர்கிறது.

விபத்து நேர்ந்தபின் சட்டம் கேட்கும் கேள்விகள் கடினமானவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம், குறிப்பிட்ட சூழல்களில், கவனக்குறைவு ஏதும் இல்லாவிட்டாலும் விலங்கை வைத்திருப்பவர்மீது பொறுப்பைச் சுமத்துகிறது. பிரபுக்கள் சபை 2003இல் அளித்த ஒரு தீர்ப்பு இதன் வீச்சைக் காட்டியது: ஏதோ ஒன்றைக் கண்டு மிரண்ட குதிரைகள் இரவில் வேலியை முறித்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடி ஒரு காரின்மீது மோதிய வழக்கில், வேலி போட்டதில் குறையில்லை என்று ஏற்றுக்கொண்ட பின்னும், உரிமையாளர்களே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் முடிவானது. மிரண்ட குதிரை அப்படி நடந்துகொள்ளும் என்பது அறியப்பட்ட இயல்பு என்பதே அதன் அடிப்படை. இச்சட்டத்தில் ‘வைத்திருப்பவர்’ என்பதற்குள் உரிமையாளரோடு, விலங்கைத் தம் வசத்தில் கொண்டிருப்பவரும் அடங்குவார். எனவே உரிமையாளர் ஊரில் இல்லாத நாள்களில் குதிரையைத் தாமே ஓட்டிப் பழக்கும் பயிற்றுநரும் அந்த வரையறைக்குள் வருவார் என்று வாதிட இடமுண்டு.

சட்டம் மறுபக்கத்தையும் பார்க்கிறது. இடரை முன்னரே அறிந்து தாமாக ஏற்றுக்கொண்டவர் இழப்பீடு கோர முடியாது என்பது அதே சட்டத்தின் விலக்கு. வேகம் கூட்டும்போது முதுகை வளைத்துத் துள்ளும் பழக்கம் ஒரு குதிரைக்கு உண்டு என்று சொல்லப்பட்டும், அது ஒருமுறை துள்ளியதைக் கண்டும், சவாரியைத் தொடர்ந்து விழுந்தவரின் கோரிக்கையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் இந்த விலக்கின்படி ஏற்க மறுத்தது. என்ன சொல்லப்பட்டது, எப்போது சொல்லப்பட்டது என்பதற்குப் பதிவு இருப்பது ஏன் இன்றியமையாதது என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது. ‘விபத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை ஒப்பந்த வாசகத்தால் தட்டிக்கழிக்க முடியாது என்று 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டமே அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

இதனால் காப்பீடு இத்தொழிலின் முதல் செலவாகிறது. மாணவருக்கோ வழிப்போக்கருக்கோ நேரும் தீங்குக்கு மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்பீடு, தவறான அறிவுரையால் விளையும் இழப்புக்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, தம் வசத்தில் இருக்கும்போது பிறருடைய குதிரைக்கு நேரும் காயத்துக்குத் தனிக் காப்பீடு, தாமே விழுந்து எலும்பு முறிந்தால் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று நான்கு வகைகளும் நான்கு வெவ்வேறு ஓட்டைகளை அடைக்கின்றன. பள்ளியில் சம்பளத்துக்கு இருப்பவருக்கு முதலாளியே காப்பீடு எடுத்தாக வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சுயதொழிலருக்கு முதலாளி என்று ஒருவர் இல்லாததால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

‘இன்று ஏற வேண்டாம்’ என்னும் சொல்

சவாரிப் பயிற்றுநரின் திறமை, மாணவர் அமரும் நிலையைத் திருத்துவதிலும் கடிவாளத்தைப் பிடிக்கும் கையை மென்மையாக்குவதிலும் வெளிப்படுகிறது. அவருடைய அறம், ஏறக்கூடாத நாளில் ‘இன்று ஏற வேண்டாம்’ என்று சொல்வதில் வெளிப்படுகிறது. குதிரை முரண்டு பிடிப்பதாக நினைத்துத்தான் பல உரிமையாளர்கள் பயிற்றுநரை அழைக்கிறார்கள். முரண்டாகத் தெரிவது பெரும்பாலும் வலியின் மொழியாக இருக்கக்கூடும் என்பதைக் கால்நடை மருத்துவ ஆய்வு இப்போது தெளிவாக்கியிருக்கிறது. எலும்பியல் வல்லுநரான சூ டைசனும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள் பட்டியலிடப்பட்டன: காதுகளைப் பின்னோக்கி மடக்கி வைத்திருத்தல், வாயைத் திறந்து திறந்து மூடுதல், வாலை வீசிக்கொண்டே இருத்தல், முன்செல்ல மறுத்தல் போன்றவை அவற்றுள் சில. இவற்றில் 8 அல்லது அதற்கு மேற்பட்டவை ஒரு குதிரையிடம் காணப்பட்டால் அதற்குத் தசையிலோ எலும்பிலோ வலி இருக்க வாய்ப்பு மிகுதி. நொண்டல் வெளிப்படையாகத் தெரியாத குதிரைகளிடமும் இப்பட்டியல் வலியைக் கண்டறிய உதவுகிறது.

அறிவு வளர்ந்திருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்லும் நிலைமைதான் கடினம். பாடம் நடத்த வந்தவர், முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், சேணம் பொருத்துபவரிடம் சேணத்தைக் காட்டுங்கள், அதுவரை சவாரி வேண்டாம் என்று சொன்னால், அன்றைய கட்டணம் போகிறது. வரும் வாரங்களின் கட்டணமும் போகிறது. வேறு பயிற்றுநரை அழைத்துக்கொள்வதாக வாடிக்கையாளர் முடிவெடுத்தால் அந்த வருமானம் முற்றாகவே போகிறது. சவாரி செய்பவரின் உடல் எடை பற்றிய பேச்சு இதைவிடக் கூர்மையானது. எடை வேறுபட்ட 4 பேர் 6 குதிரைகளில் மாறி மாறி ஏறிய ஒரு முன்னோடி ஆய்வில், எடை மிகுந்த இருவர் ஏறியபோது குதிரைகளிடம் தற்காலிக நொண்டல் தென்பட்டதால் அந்தச் சோதனைகளை இடையிலேயே நிறுத்த வேண்டிவந்தது. சேணத்தின் பொருத்தம், சவாரி செய்பவரின் சமநிலை, குதிரையின் உடற்கட்டு ஆகியவையும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன என்றாலும், எடைக்கு ஓர் எல்லை உண்டு என்பதில் ஐயமில்லை. பள்ளி நிர்வாகம் அந்த எல்லையை விதியாக எழுதி வாசலில் ஒட்டிவிடலாம்; அதை மாணவரிடம் எடுத்துச்சொல்லும் பயிற்றுநருக்குப் பின்னால் நிறுவனம் நிற்கும். சுயதொழிலரோ, தம் குதிரையை உயிராக நேசிக்கும் உரிமையாளரின் முகத்துக்கு நேரே, அந்தக் குதிரை உங்களைச் சுமக்காது என்று தனியாகச் சொல்ல வேண்டும். வருமானம் எவ்வளவு நலிந்ததோ அவ்வளவுக்கு இந்தச் சொல்லை உதிர்ப்பது கடினமாகிறது. ஆகையால் பயிற்றுநரின் பொருளாதார நிலை அவருடைய சொந்தக் கவலையாக மட்டும் நின்றுவிடாமல், சவாரி செய்பவரின் பாதுகாப்பையும் குதிரையின் நலத்தையும் நேரடியாகத் தொடுகிறது.

ஒரு மணி நேரத்தின் உண்மை விலை

அந்தப் பொருளாதார நிலையின் உள்கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். பள்ளி விட்டபின் சிறாரும், அலுவலகம் முடிந்தபின் பெரியவர்களும் பாடத்துக்கு வருவதால், கேட்பு முழுவதும் மாலை நேரங்களிலும் வார இறுதியிலும் குவிகிறது. டிசம்பர் பிற்பகுதியில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். பள்ளி மணி அடித்த அரை மணி நேரத்தில் வெளிச்சம் போய்விடுகிறது. மின்விளக்கோ கூரையோ இல்லாத களங்களில் குளிர்காலம் முழுதும் வார நாள் பாடங்கள் நின்றுபோகின்றன. நிலம் உறைந்து இறுகினாலோ மழையில் சேறானாலோ வார இறுதியும் கைநழுவுகிறது. கோடையில் வெளிச்சம் தாராளமாக இருக்கும்போது குடும்பங்கள் விடுமுறைக்கும் போட்டிகளுக்கும் கிளம்பிவிடுகின்றன. இவற்றோடு, குதிரையின் லாடம் கழன்றது என்று காலையில் வரும் ஒரு குறுஞ்செய்தி அன்றைய மாலைப் பாடத்தை இல்லாமல் செய்துவிடும்.

பாடத்துக்குக் கிடைக்கும் கட்டணத்தில் பயண நேரத்துக்குக் கூலி இல்லை. சொந்தக் காரில் தொழில் நிமித்தம் செல்லும் தொலைவுக்கு, முதல் 10,000 மைல் வரை மைலுக்கு 45 பென்ஸ், அதன்பின் 25 பென்ஸ் என்று வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. 2011இல் உயர்த்தப்பட்ட அந்த 45 பென்ஸ் விகிதம், எரிபொருளும் வாகனக் காப்பீடும் விலை ஏறிய பல ஆண்டுகளிலும் அசையாமல் நின்றது. வரி கட்டும் முறையிலும் புதியவர்களைத் திணறவைக்கும் ஒரு திருப்பம் உண்டு. ஏப்ரல் 5இல் முடியும் நிதியாண்டுக்கான வரியை அடுத்த ஜனவரி 31க்குள் செலுத்த வேண்டும். வரி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அதே நாளில் நடப்பாண்டுக்கான முன்பணமாக அதில் பாதியும், ஜூலை 31க்குள் மறுபாதியும் கட்ட வேண்டும். வருவாய் மிகக் குறைந்திருக்கும் நடுக்குளிர்காலத்தில், முதன்முறை வரி கட்டுபவரிடம் ஒன்றரை ஆண்டு வரி ஒருசேரக் கேட்கப்படுகிறது.

நோயுற்றால் நிலைமை இன்னும் மோசம். பணியாளர்களுக்குச் சட்டப்படி கிடைக்கும் நோய்க்காலச் சம்பளம் சுயதொழிலருக்கு இல்லை. பிரிட்டிஷ் சட்டம் உழைப்போரைப் பணியாளர், தொழிலாளர், சுயதொழிலர் என்று மூன்றாகப் பிரிக்கிறது. நடுவில் உள்ள தொழிலாளர் என்ற வகைக்கு ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுப்பும் குறைந்தபட்சக் கூலியும் உண்டு. ஊபர் ஓட்டுநர்கள் இந்த நடுவகையினரே என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தபோது, ஒப்பந்தத்தில் எழுதியுள்ள பெயரைவிட யாருடைய கட்டுப்பாட்டில் வேலை நடக்கிறது என்பதே முதன்மையானது என்று தெளிவுபடுத்தியது. ஒரே சவாரிப் பள்ளிக்கு வாரந்தோறும் அது குறித்துக்கொடுக்கும் நேரத்தில், அதன் குதிரைகளைக் கொண்டு, அது நிர்ணயிக்கும் கட்டணத்துக்குப் பாடம் நடத்தும் ஒருவர் சுயதொழிலர் என்று அழைக்கப்பட்டாலும், இந்த அளவுகோலின்படி தொழிலாளராக இருக்கக்கூடும். தம் உரிமையைக் கேட்டால் அடுத்த வாரம் வேலை இருக்காது என்ற அச்சம் இக்கேள்வியைப் பெரும்பாலும் எழவிடுவதில்லை.

வெளியிலிருந்து வரும் அடிகள்

தனித்து நிற்பவரின் நலிவைப் பொது நெருக்கடிகள் அளந்து காட்டின. 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. பிளவுபட்ட குளம்புடைய விலங்குகளையே தாக்கும் அந்நோய் குதிரைக்கு வராது. ஆனால் கிராமப்புறப் பாதைகள் மூடப்பட்டதாலும் பண்ணைகளுக்குள் நடமாட்டம் தடுக்கப்பட்டதாலும் சவாரித் தொழில் முடங்கியது. 2019 பிப்ரவரியில் குதிரைக் காய்ச்சல் பரவிக் குதிரைப் பந்தயங்கள் 6 நாள்கள் நிறுத்தப்பட்டபோது, லாயம் லாயமாகச் செல்பவர்களே நோயையும் சுமந்துசெல்லக்கூடும் என்ற கவலை எழுந்தது. கைகளைக் கழுவி, காலணிகளைக் கிருமிநீக்கம் செய்து, நோயுள்ள லாயத்துக்குப் போன நாளில் மற்ற லாயங்களைத் தவிர்ப்பது இன்று பயிற்றுநரின் கடமைகளுள் ஒன்று. அப்படித் தவிர்க்கும் பாடங்களின் இழப்பும் அவருடையதே.

2020 மார்ச் 23இல் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபின், சுயதொழிலருக்கு அவர்களுடைய சராசரி மாத லாபத்தில் 80 விழுக்காட்டை, மூன்று மாதங்களுக்கு மொத்தம் 7,500 பவுண்டு என்ற உச்சவரம்போடு, அரசு முதல் தவணை உதவியாக வழங்கியது. அதைப் பெற 2018–19 நிதியாண்டின் வரிக்கணக்கு தேவைப்பட்டது; வருமானத்தில் குறைந்தது பாதியாவது சுயதொழிலிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த நிதியாண்டு முடிந்தபின் தொழிலைத் தொடங்கியவர்களும், பகுதி நேரச் சம்பள வேலையையும் பயிற்றுவிப்பையும் இணைத்து வாழ்ந்தவர்களில் பலரும் அந்த முதல் தவணைக்கு வெளியே நின்றார்கள்.

சிறாருக்குக் கற்பிப்பவருக்கு இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. விளையாட்டுப் பயிற்றுநர்களையும் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர்களாக வகைப்படுத்தி, 18 வயதுக்குட்பட்ட மாணவர்களைப் பாதுகாக்கும் சட்டத் திருத்தம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதை எல்லாரும் வரவேற்க வேண்டும். நிறுவனத்தில் ஐயமோ புகாரோ எழுந்தால் கேட்பதற்குப் பொறுப்பான அலுவலர் ஒருவர் இருப்பார்; தனித்து இயங்குபவர் பெற்றோர் அருகில் இருக்கும்படி பாடத்தை அமைப்பது முதல் பதிவேடு வைப்பதுவரை எல்லாவற்றையும் தாமே ஒழுங்குசெய்ய வேண்டியிருக்கிறது.

பொறுப்புக்கு ஈடான அதிகாரம்

இத்தொழிலை நிலைநிறுத்துவதற்கான வழிகள் எட்டாதவை அல்ல. முதல் பாடத்துக்கு முன்பே குதிரையின் வயது, பழக்கங்கள், மருத்துவ வரலாறு ஆகியவற்றை எழுத்தில் பெறுவதும், முதல் சந்திப்பை மதிப்பீட்டுக்கென்றே ஒதுக்கி அதற்கும் கட்டணம் வாங்குவதும், குறித்த நேரத்துக்குள் தெரிவிக்காமல் பாடத்தைக் கைவிட்டால் முழுக் கட்டணம் என்று முன்கூட்டியே உடன்படுவதும், ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னும் சொன்னதையும் கண்டதையும் தேதியிட்டுக் குறித்துவைப்பதும் பயிற்றுநர் தாமே செய்யக்கூடியவை. இவற்றுள் முதன்மையானது, குதிரையோ சவாரி செய்பவரோ தகுதியான நிலையில் இல்லை என்று பயிற்றுநர் கருதினால் அந்நேரம் தரைப்பயிற்சியாகவோ ஆலோசனையாகவோ மாறும், கட்டணம் மாறாது என்ற நிபந்தனை. பாதுகாப்பான முடிவை எடுத்ததற்காக எவரும் ஒருநாள் கூலியை இழக்கக் கூடாது என்னும் நியாயத்தை இந்த ஒரே வரி நிலைநாட்டுகிறது.

மற்றவை லாயத்தார், வாடிக்கையாளர், தொழிற்சங்கங்கள் ஆகியோரின் கையில் உள்ளவை. பாட நேரத்தில் களத்துக்குள் வேறு எவரும் நுழையாதபடி லாயத்தார் ஒரு மணி நேரத்தை உறுதிசெய்து தர முடியும். தகுதிச் சான்றையும் காப்பீட்டையும் கேட்டுப் பார்த்துப் பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வாடிக்கையாளரிடம் வளர்ந்தால், சட்டம் திறந்துவிட்ட கதவின் தீங்கு பெருமளவு குறையும். தனித்து இயங்கும் பயிற்றுநர்கள் ஐயங்களைக் கேட்கவும், ஒருவர் நோயுற்றால் மற்றவர் பாடத்தை ஏற்றுக்கொள்ளவும் வட்டார அளவில் கூடுவதற்குச் சங்கங்கள் வழிசெய்ய முடியும். மலிவான பாடத்தைத் தேடும் பெற்றோர் ஒன்றை எண்ணிப்பார்ப்பது நல்லது: தம் பிள்ளை ஏறவிருக்கும் குதிரையைப் பார்த்து ‘இன்று வேண்டாம்’ என்று துணிந்து சொல்லக்கூடிய ஒருவருக்கு, அப்படிச் சொன்ன பிறகும் அந்த மாத வாடகையைக் கட்ட முடிய வேண்டும். அந்தத் துணிவுக்கான விலையும் பாடத்தின் கட்டணத்துக்குள் அடங்கியது. அதைக் கொடுக்க மறுக்கும் சமூகம், பொறுப்பை மட்டும் பயிற்றுநரிடம் விட்டுவிட்டு அதற்கு ஈடான அதிகாரத்தைப் பறித்துக்கொள்கிறது.

(தொடரும்)